பழுதுபார்த்த ஆட்டோ கியர் மலையேறினால் மறுபடி போவது ஏன்?

இலங்கையின் வெல்லவாய ஏறக்குறைய 200 மீட்டர் உயரம். அப்புத்தளை 1,400 மீட்டருக்கும் மேல். கொஸ்லந்தை வழியாக ஏறும் வண்டியின் கியர்பெட்டிக்குள் என்ன நடக்கிறது தெரியுமா?

ஓடும் மின்விசிறிக்கு எதிரே, மின்சாரம் கொடுக்காத இன்னொரு விசிறியை வையுங்கள். காற்றுபட்டு அதுவும் சுழலும். எஞ்சின் ஆட்டோ கியரைச் சுழற்றுவதும் இப்படித்தான். காற்றுக்குப் பதில் ஒயில். செங்குத்தில் மெதுவாக ஏறும்போது இரண்டும் ஒரே வேகத்தில் சுழலாது. அந்த வித்தியாசம் சூடாக மாறுகிறது. டர்போ பூட்டி வலுவேற்றிய எஞ்சின் என்றால் சொல்லவே வேண்டாம்.

சூடேறிய ஒயில் நீர்த்துப்போகும், அழுத்தம் குறையும், கிளட்ச் தட்டுகள் வழுக்கித் தேயும். தட்டை மட்டும் மாற்றினால்? தேய்ந்த பழைய துகள்கள் ஒயிலைக் குளிர்விக்கும் கூலரில் கிடக்கின்றனவே, புதுத் தட்டும் போகும்!

ஒயில் குச்சி இருந்தால் உருவி மோந்து பாருங்கள். கறுத்து, கருகல் வாடை அடித்தால் கூலரையும் கழுவச் சொல்லுங்கள். ஏற்றத்தில் லோ கியர் போடுங்கள்.