குளம் வீட்டுக்குள் வந்த பிறகு

பேச்சியம்மன் படித்துறை என்ற பெயர் மதுரைச் சிம்மக்கல் பக்கம் இன்னும் புழங்குகிறது. படியிறங்கிக் குளிக்கிறவர்கள்தான் இல்லை. வைகை வறண்ட மாதங்களில் மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் அள்ளிக் குடம் நிரப்பிய காலம் ஒன்று இருந்தது. முற்றத்துக் கிணறு உள்ள வீடுகளில் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததே கிணற்றோடு பழகும் முறையைத்தான். கைப்பிடிச் சுவரில் ஏறி உட்காரக் கூடாது. வாளி விழுந்தால் எட்டிப் பார்க்காமல், தெருவில் யார் வீட்டில் பாதாளக்கரண்டி இருக்கிறது என்று கேட்டு வரவேண்டும். தூர்வார ஆள் இறங்குமுன் கயிற்றில் விளக்கை இறக்குவார்கள். சுடர் அணைந்தால் அன்றைக்கு வேலை கிடையாது. குளத்தில் ஒருவர் தத்தளித்தால் உடனே குதிக்காமல், கரையில் நின்று வேட்டியையோ சேலையையோ வீசி இழுப்பார்கள். இவற்றை யாரும் பாடமாக நடத்தவில்லை. நீர் பொதுவாக இருந்ததால் அறிவும் பொதுவாக இருந்தது.

பிறகு நீர்நிலைகள் ஒவ்வொன்றாகப் போயின. புதுமண்டபத்துக்கு அருகே எழுகடல் இருந்த இடத்தில் கடை வளாகம் நிற்கிறது. டவுன்ஹால் ரோட்டுப் பெருமாள் தெப்பக்குளத்தைக் கடைகள் மறைத்துவிட்டன. 1645-இல் திருமலை நாயக்கர் அமைத்த வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளமே பல ஆண்டுகள் பையன்கள் கிரிக்கெட் ஆடும் மைதானமாகக் கிடந்தது. தைப்பூசத்துக்குத் தெப்பம் ஓட முடியாமல் நிலைத்தெப்பமாக நின்ற ஆண்டுகளும் உண்டு. ஏறத்தாழ 1,000 அடி நீளமுள்ள அந்தக் குளத்துக்கு உயிர் கொடுத்தது பனையூர்க் கால்வாய். அடைபட்ட கால்வாயைச் சீராக்கியதும் வைகை நீர் தானாகக் குளத்துக்கு வந்தது. மதுரை அண்மையில் கண்ட மிக நல்ல காரியம் இது என்பேன். குளத்தைப் பேணுவதில் பாதி வேலை குளத்துக்கு வெளியே, வரத்துக்காலில்தான் இருக்கிறது. ஆடி ஆவணியில் கால்வாயைச் சுத்தம் செய்யாமல் ஐப்பசி மழையை எதிர்பார்த்துப் பயனில்லை. தூர் எடுக்கும்போதும் வண்டலோடு நிறுத்தவேண்டும். அடியிலுள்ள களிமண்ணையும் சுரண்டினால் நீர் நிற்காது.

இன்று ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனிக் குளம் இருக்கிறது, வாசலில் தரைக்கு அடியில். சம்ப் என்கிறோம். குழாயில் தண்ணீர் வரும் நாளில் நிரப்பி, மோட்டார் போட்டு மேல்தொட்டிக்கு ஏற்றுகிறோம். பழைய கிணற்றின் ஆபத்துகள் எல்லாம் இதிலும் உண்டு. பழைய எச்சரிக்கைதான் கூட வரவில்லை. துருப்பிடித்த தகர மூடிமேல் குழந்தைகள் விளையாடுவதைப் பார்க்கும்போதெல்லாம் பதறுகிறது. கனத்த மூடியும் அதற்கொரு பூட்டும் வேண்டும். தெருத்தண்ணீர் உள்ளே புகாதபடி வாயைத் தரையிலிருந்து நான்கு விரற்கடையாவது உயர்த்திக் கட்டவேண்டும்.

சம்பைக் கழுவும் நாள்தான் மிகவும் ஆபத்தானது. நெடுநாள் மூடிக் கிடந்த தொட்டியில் உயிர்க்காற்று குறைந்திருக்கும். பழைய விளக்குச் சோதனையை இங்கே நம்பக் கூடாது: சுடர் நின்றாலும் நச்சுவாயு இருக்கலாம், தீப்பற்றும் வாயு இருந்தால் விளக்கே வினையாகும். மூடியை முன்கூட்டியே திறந்து, மின்விசிறியால் நல்ல காற்றை உள்ளே செலுத்தவேண்டும். மோட்டாரின் மெயின் சுவிட்சை அணைத்த பிறகே ஆள் இறங்கவேண்டும். அவர் உடலில் கட்டிய கயிற்றின் மறுமுனையோடு மேலே இன்னொருவர் நிற்கவேண்டும். உள்ளே இருப்பவர் மயங்கினால் மேலே நிற்பவர் பின்னால் இறங்கவே கூடாது, கயிற்றால் இழுத்துக்கொண்டு 108-ஐ அழைக்கவேண்டும். ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டாமவர், மூன்றாமவர் என்று உயிர்கள் போவது இப்படித்தான். பிளீச்சிங் பவுடரை ஆசிட்டோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய தொட்டிக்குள் அது உயிரையே பறிக்கும். கழிவுநீர்த் தொட்டிக்குள் மட்டும் எந்த ஏற்பாட்டோடும் ஆளை இறக்கவேண்டாம். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் ஆபத்தான முறையில் அப்படி இறக்குவதைத் தடைசெய்கிறது. அதற்கு உறிஞ்சும் வண்டி இருக்கிறது.

மோட்டார் இணைப்பில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி பொருத்தினால், மின்கசிவு ஏற்பட்ட கணமே மின்சாரம் துண்டிக்கப்படும். தண்ணீர் பிடித்துவைக்கும் திறந்த டிரம்களையும் கவனிக்கவேண்டும்: காலிசெய்வதோடு விடாமல் வாரம் ஒருமுறை உட்சுவரைத் தேய்த்துக் கழுவவேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை சுவரில் ஒட்டி, நீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி நீர் பட்டதும் பொரிந்துவிடும்.