இ = எம்சி ஸ்கொயர்: ஐன்ஸ்டைனுக்கு முன்பே தெரியுமா?

ஒரு லிட்டர் தண்ணீரை இறுக மூடிக் கொதிக்க வைத்தால் அதன் நிறை கூடுமா? கூடும். ஆவி கொஞ்சமும் வெளியேறாவிட்டாலும் கூடும். எவ்வளவு? ஒரு கிராமை நூறு கோடி பங்காகப் பிரித்தால் அதில் ஏறக்குறைய மூன்று பங்கு. எந்தத் தராசிலும் தெரியாது, அவ்வளவுதான்.

அணுகுண்டோடு சேர்த்தே பேசிப் பேசி, இந்தச் சூத்திரம் அணுவுக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்துவிட்டோம். உண்மையில் அடுப்பு, பேட்டரி, சூரியன் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். ஒளியின் வேகத்தை அதே வேகத்தால் பெருக்கும்போது எண் மலைபோல் ஆகிவிடுகிறது. ஒரு கிராம் நிறைக்கு ஈடான ஆற்றலை மின்சாரமாகக் கணக்கிட்டால் சுமார் 2.5 கோடி யூனிட்!

சரி, "ஐன்ஸ்டைன் இதைத் திருடிவிட்டார்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது நிஜமா? பாதி நிஜத்தை வைத்துக் கட்டிய கதை அது. மின்னூட்டம் பெற்ற பொருள் நகரும்போது கூடுதல் நிறை இருப்பதுபோல் நடந்துகொள்ளும் என்று ஜே.ஜே. தாம்சன் 1881-லேயே எழுதினார். ஒளியின் ஆற்றலுக்கு நிறை இருப்பதாகக் கொள்ளலாம் என்றார் பிரான்ஸின் புவான்கரே, 1900-இல். ஆஸ்திரியாவின் ஹாசனோர்ல் 1904-இல் கணக்கே போட்டார். பிறகு திருத்தியும், விடை மூன்றில் ஒரு பங்கு அதிகமாகவே வந்தது.

இவர்கள் பேசியதெல்லாம் ஒளி, மின்காந்தம் பற்றி மட்டும். எந்த வகை ஆற்றலாக இருந்தாலும் சரி, அதை இழக்கும் பொருள் நிறையையும் இழக்கும் என்று பொதுவாகச் சொன்னது ஐன்ஸ்டைன்தான். 1905 செப்டம்பரில் அனுப்பிய மூன்று பக்கக் கட்டுரை அது. இன்று டி-ஷர்ட்டில் போடுகிற வடிவில் சூத்திரம் அதில் இல்லை. ஆற்றலுக்கு 'எல்', ஒளி வேகத்துக்கு 'வி' என்று எழுதியிருந்தார். ரேடியம் உப்புகளை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம் என்ற யோசனையும் அதிலேயே இருந்தது.

நிரூபிக்க வேண்டியதை முன்கூட்டியே வைத்துக்கொண்டு நிரூபித்திருக்கிறார் என்று 1952-இல் ஹெர்பர்ட் ஐவ்ஸ் குற்றம்சாட்டினார். அது தவறான குற்றச்சாட்டு என்று பின்னாளில் ஸ்டாச்செல், டொரெட்டி இருவரும் காட்டினார்கள். ஆனால் இயற்பியலில் வாதத்தைவிட ஆய்வகம்தானே பெரிய நீதிமன்றம்?

முதல் தீர்ப்பு 1932-இல் கேம்பிரிட்ஜில் வந்தது. காக்ராஃப்ட், வால்டன் இருவரும் லித்தியம் அணுக்கருவைப் புரோட்டானால் மோதி இரண்டு ஹீலியம் கருக்களாக உடைத்தார்கள். குறைந்த நிறையும் வெளிவந்த ஆற்றலும், அன்றைய அளவீடு அனுமதித்த துல்லியத்தில் பொருந்தின.

2005-இல் இன்னும் கறாரான சோதனை. சிலிக்கான், கந்தக அணுக்கருக்கள் ஒரு நியூட்ரானை விழுங்கிக் காமா கதிரை உமிழும். அப்போது ஏற்படும் நிறை வேறுபாட்டை அமெரிக்காவின் எம்ஐடியில் அளந்தார்கள். காமா கதிரின் ஆற்றலைப் பிரான்ஸின் கிரனோபிளில் அளந்தார்கள். இரண்டு ஊர்க் கணக்கையும் ஒப்பிட்டபோது, வித்தியாசம் என்று ஒன்று இருந்தாலும் அது கோடியில் நான்கைந்து பங்குக்குள்தான் இருக்க முடியும் என்று தெரிந்தது.