ஜோடி கட்டும் கலை

களமும் கணிப்பும் – 9

ஒரு போட்டியின் முடிவை முன்கூட்டியே சொல்லிப் பார்க்கும் ஆசை போட்டியைப் போலவே பழையது என்றாலும், எல்லாப் போட்டிகளும் ஒரே அளவில் வாதத்தைக் கிளப்புவதில்லை. யார் வெல்வார் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும் களத்தில் பேசுவதற்கு எதுவும் இல்லை. இரு பக்கமும் நியாயம் இருப்பதாகத் தோன்றும் களத்தில்தான் ரசிகர்கள் குரல் உயர்த்திப் பேசுகிறார்கள். அத்தகைய களம் தானாக அமைவதில்லை. யாரை யாரோடு மோதவிடுவது என்று முன்னரே எடைபோட்டு முடிவுசெய்யும் ஒருவரின் உழைப்பு அதன் பின்னால் இருக்கிறது. வட சென்னைக் குத்துச்சண்டைப் பரம்பரைகளைப் பற்றிய சென்ற பகுதியில், சார்பட்டா, இடியப்ப நாயக்கர் முதலிய பரம்பரைகளின் ஆதரவாளர்கள் தம் பரம்பரைமீது கொண்ட ரோஷமே கணிப்பாக உருவெடுத்தது விளக்கப்பட்டது. இந்தப் பகுதி, ரோஷத்தைவிடப் பொருத்தத்துக்கு முதலிடம் தரும் மைசூரு மரபையும், அதே நகரில் கைபேசித் திரை வழியாக வந்து சேர்ந்திருக்கும் புதிய சண்டைக் கலையையும் அருகருகே வைத்துப் பார்க்கிறது.

மைசூருவின் ஹெப்பாள், பெங்களூருவில் மேம்பாலத்தால் பெயர்பெற்ற அதே பெயருடைய பகுதியிலிருந்து வேறானது. நகரின் வடமேற்கில் ஏரி, தொழிற்பேட்டை, குடியிருப்புகள் ஆகியவற்றோடு விரிந்து கிடக்கும் இப்பகுதியில்தான் இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் பயிற்சி வளாகம் உள்ளது. பொறியியல் படிப்பை முடித்துப் பணியில் சேரும் இளைஞர்கள் தமிழ்நாடு உட்பட நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் இங்கே வந்து சில மாதங்கள் தங்கிப் பயில்கிறார்கள். மற்போருக்குப் பெயர்போன அரண்மனை நகரம் இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஆகவே மண்ணில் புரளும் பழைய குஸ்தியும், எண்கோணக் கூண்டுக்குள் நடக்கும் புதிய சண்டையும் ஒரே நகரத்தின் இரு வேறு தலைமுறைகளின் பேச்சுப் பொருளாக இருப்பதில் வியப்பில்லை.

கலப்புத் தற்காப்புக் கலை எனப்படும் அந்தப் புதிய சண்டையில் கையால் குத்துவது, காலால் உதைப்பது, எதிராளியைப் பிடித்துத் தரையில் சாய்ப்பது, மூட்டை முறுக்கியோ கழுத்தை நெரித்தோ அவரைப் பணியவைப்பது ஆகிய அனைத்தும் விதிகளுக்கு உட்பட்டு அனுமதிக்கப்படுகின்றன. பணிய நேர்ந்தவர் எதிராளியின் உடலிலோ தரையிலோ கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்வார். அமெரிக்காவின் யுஎஃப்சி அமைப்பில் சாதாரணப் போட்டி மூன்று சுற்றுகளையும், பட்டத்துக்கான போட்டி ஐந்து சுற்றுகளையும் கொண்டது. ஒவ்வொரு சுற்றும் ஐந்து நிமிடம். லாஸ் வேகஸில் சனிக்கிழமை இரவு நடக்கும் பட்டப் போட்டி இந்தியாவில் ஞாயிறு காலையில் ஒளிபரப்பாவதால், இங்குள்ள ரசிகர்களுக்கு வாதிட முழு சனிக்கிழமையும் கிடைக்கிறது. அந்த வாதத்தின் அடிப்படை பெரும்பாலும் ஒன்றுதான்: ஒருவர் நின்று அடிப்பதில் வல்லவர், மற்றவர் சாய்த்துப் பிடிப்பதில் வல்லவர் என்றால், சண்டை எந்த இடத்தில் நடக்கும் என்பதை யார் தீர்மானிப்பார்? நின்றபடியே நடந்தால் முன்னவருக்கும், தரைக்குப் போனால் பின்னவருக்கும் சாதகம் என்பதால், ரசிகர்கள் உண்மையில் கணிப்பது வெற்றியாளரை அல்ல, சண்டையின் இடத்தையே.

இப்படி எளிதில் விடை கிடைக்காத கேள்வியைத் திட்டமிட்டே உருவாக்கும் பழைய வழி ஒன்று மைசூரு குஸ்தி மரபில் உண்டு. தமிழர் காதில் விலங்கின் பெயராக ஒலிக்கும் ‘கரடி மனை’ என்ற கன்னடச் சொல் மற்பயிற்சிக் கூடத்தைக் குறிக்கிறது. செம்மண்ணைப் பதப்படுத்திப் பரப்பிய குழியும், அனுமன் வழிபாடும், உஸ்தாத் எனப்படும் ஆசானும் கூடிய அந்த இடங்களிலிருந்தே தசரா குஸ்திக்குப் பைல்வான்கள் வருகிறார்கள். 1610-இல் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தொடங்கிவைத்த தசரா விழாவில் மற்போர் தொன்றுதொட்டு இடம்பெற்றுவருகிறது. இன்று தொட்டகெரெ மைதானத்தை ஒட்டிய தேவராஜ அரசு அரங்கில் தசரா கேசரி, தசரா கண்டீரவ, தசரா குமார போன்ற பட்டங்களுக்காகப் போட்டிகள் நடக்கின்றன. மெத்தைமேல் புள்ளிக் கணக்கில் நடக்கும் குஸ்தி ஒரு வகை. ‘நாட குஸ்தி’ எனப்படும் மண் குஸ்தி இன்னொரு வகை. பின்னதில் புள்ளி கிடையாது; எதிராளியின் இரு தோள்களும் மண்ணைத் தொட அவரை மல்லாத்தினால்தான் வெற்றி.

விழாவுக்குச் சில நாள்களுக்கு முன் நடக்கும் ‘ஜோடி கட்டுவது’ என்ற நிகழ்வே இந்த மரபின் உயிர்நாடி. பல ஊர்ப் பைல்வான்கள் ஒரே இடத்தில் கூடி, மேலாடை களைந்து, இணை இணையாக எதிரெதிரே நிறுத்தப்படுகிறார்கள். உயரம், எடை, தோள் அகலம், கழுத்தின் பருமன், வயது, இதுவரை ஆடிய களங்கள் ஆகியவற்றை மூத்தவர்கள் கண்ணாலேயே அளக்கிறார்கள். ஒரு பக்கம் கனமாகத் தெரிந்தால் உஸ்தாத் மறுப்புத் தெரிவிப்பார். மறுபக்கத்தவர் தம் ஆளுக்கு அனுபவம் குறைவு என்று வாதிடுவார். இருவரும் ஒத்துக்கொண்டால்தான் கைகோக்கவைத்து ஜோடியை உறுதிசெய்கிறார்கள். எத்தனை நிமிடக் குஸ்தி என்பதும் அறிவிக்கப்படும். சிறப்பு ஜோடிகளுக்கு முடிவு தெரியும்வரை நீளும் ‘மார்பிட்’ குஸ்தியும் உண்டு. திருமணத்துக்குப் பொருத்தம் பார்ப்பவர் இருவர் ஒத்துப்போவார்களா என்று பார்க்கிறார் என்றால், இங்கே பொருத்தம் பார்ப்பவர் இருவரில் எவர் விழுவார் என்று தமக்கே தெரியாத நிலை வந்துவிட்டதா என்று பார்க்கிறார். தெரிந்துவிட்டால் அந்த ஜோடி சரியில்லை. ஆக, களத்துக்கு வெளியே ரசிகர்கள் செய்யும் கணிப்பை, அவர்களுக்கு முன்பே, அவர்களைவிடத் தேர்ந்த ஒருவர் செய்து பார்த்து, விடை கிடைக்காத இடத்தில் நிறுத்தியிருக்கிறார். யுஎஃப்சியில் போட்டி அமைப்பாளர் செய்யும் வேலையும் இதுவே.

பொருத்தம் பார்க்காத சவாலும் ஒரு காலத்தில் இருந்தது. 1638 முதல் 1659 வரை மைசூரை ஆண்ட ரணதீர கண்டீரவ நரசராஜ உடையாரைப் பற்றி வழங்கும் கதையில், திருச்சிராப்பள்ளி அரசவையைச் சேர்ந்த மல்லன் ஒருவன் தன் மற்போர்க் கச்சையை வாயிலின்மேல் தொங்கவிட்டு, தன்னை வெல்ல முடியாதவர்கள் அதன் கீழே குனிந்து போகட்டும் என்று அறைகூவியதாகவும், கண்டீரவர் மாறுவேடத்தில் அங்கே சென்று அவனைக் களத்திலேயே வீழ்த்தியதாகவும் சொல்லப்படுகிறது. வரலாற்றைவிட வீரக் கதையாகவே இதைக் கொள்ள வேண்டும் என்றாலும், 1960-இல் ராஜ்குமார் நடித்த கன்னடத் திரைப்படம்வரை அவர் புகழ் நீண்டது. தசரா கண்டீரவ என்ற பட்டப் பெயரும் அவரையே நினைவூட்டுகிறது. எதிரே வருபவர் யார் என்று தெரியாத அந்தத் திருச்சிச் சவாலில் கணிப்புக்கு இடமே இல்லை. அது முடிந்தபின் சொல்லப்படும் கதையாக மட்டுமே எஞ்ச முடியும்.

பொருத்தம் சரியாக இருந்தும் விதி மாறினால் கணிப்பு பொய்த்துவிடும் என்பதற்கு 1910 செப்டம்பர் 10 அன்று லண்டனில் காமா பைல்வானும் போலந்து வீரர் ஸ்பிஸ்கோவும் மோதிய போட்டி நல்ல சான்று. இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாக நடந்த அந்தப் போட்டியின் பெரும்பகுதியில் ஸ்பிஸ்கோ மார்பு தரையில் படியக் குப்புறக் கிடந்தே தம்மைக் காத்துக்கொண்டார்; முடிவு எட்டப்படவில்லை. ஒரு வாரம் கழித்து நடக்கவேண்டிய மறுபோட்டிக்கு அவர் வரவில்லை. அதே இருவரும் 1928-இல் பாட்டியாலாவில் இந்திய முறைப்படி மோதியபோது காமா ஒரு நிமிடத்துக்குள் வென்றுவிட்டார். யார் பலசாலி என்று வாதிட்ட ரசிகர், எந்த விதியின்கீழ், எந்தத் தரையில் என்று கேட்கத் தவறினால் அவர் வாதம் பாதிதான்.

வெற்றியாளரே முக்கியமில்லாத சண்டையும் மைசூருவில் உண்டு என்பது இந்த ஆய்வுக்கு இன்னொரு பக்கத்தைத் திறக்கிறது. விஜயதசமி நாளில் அரண்மனையின் உள்முற்றத்தில் நடக்கும் ‘வஜ்ரமுஷ்டி காளகம்’ என்ற சடங்குச் சண்டையில், மல்லர் மரபினரான ஜெட்டிகள் இரண்டு ஜோடிகளாக நிறுத்தப்படுகிறார்கள். உச்சியில் சிறு குடுமி மட்டும் விட்டுத் தலை மழித்து, வலக்கை விரல்களில் முனைகள் நீட்டிய வஜ்ரமுஷ்டி என்ற ஆயுதத்தைச் செறித்துக்கொண்டு, ஒருவர் தலையில் மற்றவர் தாக்கி முதல் இரத்தத் துளி வெளிப்பட்டவுடன் நடுவர்கள் பாய்ந்து பிரித்துவிடுவார்கள். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடுவதும் உண்டு. அந்த இரத்தம் சிந்திய பின்னரே அரச குடும்பத் தலைவர் வன்னி மர வழிபாட்டுக்குப் புறப்படுகிறார். மைசூரு தசராவுக்கு முன்னோடியான விஜயநகர மகாநவமி விழாவைப் பற்றி எழுதிய பதினாறாம் நூற்றாண்டுப் போர்த்துகீசியர் நூனிஸ், கூர்முனை வளையங்களைக் கையில் கொண்டு மல்லர்கள் ஒருவரையொருவர் காயப்படுத்திக்கொண்டதைக் குறிப்பிட்டு, அதிகக் காயம்பட்டவருக்கே பட்டாடை பரிசாகக் கிடைத்ததாகப் பதிவுசெய்திருக்கிறார். அடித்தவரை விட்டுவிட்டு அடிபட்டவரைப் போற்றும் களத்தில் ‘யார் வெல்வார்?’ என்ற கேள்வியே பொருளற்றுப் போகிறது. அங்கே சடங்கு நிறைவேறியதா என்பதுதான் கேள்வி. கணிப்பு வாதம் என்பது பட்டமும் தோல்வியும் உள்ள விளையாட்டுக்கு மட்டுமே உரியது என்பதை இந்த ஒப்பீடு காட்டுகிறது.

அந்த விளையாட்டிலும் ரசிகரின் கண்ணை மறைப்பது பெரும்பாலும் பாசமே. உத்தராகண்டைச் சேர்ந்த அன்ஷுல் ஜூப்லி 2023 பிப்ரவரியில் இந்தோனேசியாவின் ஜெகா சரகியைத் தரையில் வீழ்த்தி யுஎஃப்சி ஒப்பந்தம் பெற்றபோது இந்திய ரசிகர்கள் கொண்டாடினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அபுதாபியில் மைக் பிரீடனுக்கு எதிராக முற்பகுதியில் மேலோங்கியிருந்த அவர் மூன்றாம் சுற்றில் வீழ்த்தப்பட்டார். கணிப்பில் தவறியவர்கள் அவருடைய திறமையைத் தவறாக மதிப்பிடவில்லை. பதினைந்து நிமிடச் சண்டையை முதல் பத்து நிமிடத்தோடு முடித்துவிட்டார்கள். இன்னும் பெரிய பாடம் 2022 ஆகஸ்டில் கமாரு உஸ்மானுக்கும் லியோன் எட்வர்ட்ஸுக்கும் நடந்த பட்டப் போட்டியில் கிடைத்தது. நான்கு சுற்றுகள் முடிந்து, ஐந்தாம் சுற்றிலும் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே எஞ்சியிருக்க, தோல்வி உறுதி என்று எல்லோரும் எண்ணிய எட்வர்ட்ஸ் தலைக்கு விட்ட ஓர் உதையால் பட்டத்தைப் பறித்தார்.

நடுவர்களே ஒத்துப்போகாத களத்தில் ரசிகர்கள் ஒத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. யுஎஃப்சியில் வென்ற முதல் இந்தியரான பூஜா தோமர் 2024 ஜூனில் லூயிவில் நகரில் பிரேசிலின் ராயன் டோஸ் சாண்டோஸை வென்ற போட்டியில், மூன்று நடுவர்களில் இருவர் எல்லாச் சுற்றுகளையும் பூஜாவுக்கும், ஒருவர் எல்லாச் சுற்றுகளையும் எதிராளிக்கும் அளித்து 30–27, 27–30, 30–27 என்று தீர்ப்பெழுதினார்கள். கூண்டுக்கு அருகில் அமர்ந்து, பயிற்சி பெற்ற கண்ணால் முழுவதையும் பார்த்த பின்பும் இப்படி நேர்மாறான தீர்ப்பு வருமானால், பார்க்கும் முன்பே இரு தரப்பாகப் பிரிந்து வாதிடும் ரசிகர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது.

இந்த வாதத்துக்கும் பணப் பந்தயத்துக்கும் இடையே கோடு கிழித்துக்கொள்வது அவசியம். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. சட்டத்தை விட்டுப் பார்த்தாலும், பணம் கட்டியவர் தம் கணிப்பை மாற்றிக்கொள்ளும் சுதந்திரத்தை இழந்துவிடுகிறார், வாதத்தின் பயனோ அந்தச் சுதந்திரத்தில்தான் இருக்கிறது. ‘இவர்தான் வெல்வார்’ என்று மட்டும் சொல்பவர் நாணயத்தைச் சுண்டுபவருக்கு ஒப்பானவர். எந்த விதியில், எந்தப் பிடியால், எத்தனையாவது சுற்றில், எது நடந்தால் தம் கணிப்பு பொய்க்கும் என்றெல்லாம் சேர்த்துச் சொல்பவரே கலையைப் பார்க்கத் தெரிந்தவர்; தோற்றாலும் அவர் ஏதேனும் ஒன்றைக் கற்றுக்கொண்டே எழுவார்.

அந்தப் பார்வையைப் பழகிக்கொள்ள விரும்பும் ஹெப்பாள் இளைஞருக்கு லாஸ் வேகஸ் தேவையில்லை. தசராவுக்கு முன் ஜோடி கட்டும் நாளில் நகருக்குள் சென்று, எதிரெதிரே நிறுத்தப்பட்ட இருவரை ஓர் உஸ்தாத் எவ்வளவு நேரம் பேசாமல் பார்க்கிறார் என்பதைக் கவனித்தாலே போதும்.

(தொடரும்)