இல்லறப் பருவங்களும் உளநெருக்கீடும்

தனிமனிதனுக்குக் குழவிப் பருவம், இளமை, முதுமை என்பன உள்ளவாறே குடும்பத்திற்கும் பருவங்கள் உள. அமெரிக்க அறிஞரான ஈவ்லின் டூவல் அம்மையார் 1957ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே, மணவாழ்வின் தொடக்கம் முதலாக முதுமை ஈறாகக் குடும்ப வாழ்வை எட்டுப் பருவங்களாக வகுத்துக் காட்டினார். ஒரு பருவத்தினின்றும் மறு பருவத்திற்குச் செல்லுங் காலத்திலே பழைய பழக்கங்கள் பயன்படா தொழியும். புதியன இன்னுங் கைவந்திரா. உளநெருக்கீடு மிகுவது இவ்விடைக்காலத்திலேயாம்.

ஒரே துன்பம் ஒரு குடும்பத்தைச் சிதைப்பதும் மற்றொன்றை அசைக்காது விடுவதும் எதனால்? றூபன் ஹில் என்னும் சமூகவியலறிஞர், இரண்டாம் உலகப் போரினாற் பிரிவுற்றுப் பின்னர் ஒன்றுகூடிய 135 குடும்பங்களை ஆராய்ந்து, 1949ஆம் ஆண்டில் இதற்கு விடை கூறினார். நேர்ந்த நிகழ்ச்சி ஒன்று. அதனைத் தாங்குதற்குக் குடும்பத்திடமுள்ள வலிமை ஒன்று. அந்நிகழ்ச்சிக்குக் குடும்பம் கற்பிக்கும் பொருள் ஒன்று. இம்மூன்றுஞ் சேர்ந்தே நெருக்கடியின் அளவை நிருணயிக்கின்றன என்பது அவர் முடிபு.

இக்கருத்தை நம் நாட்டுக் கரையோர வாழ்வில் வைத்து நோக்குவோம். கற்பிட்டிக் குடாநாட்டின் கடலோரத்தே கண்டக்குழி என்னும் மீன்பிடிக் கிராமம் உளது. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகக் காற்று வீச, மேற்குக் கடல் கொந்தளிக்கும், தொழில் சுருங்கும். காற்று எல்லா வீட்டிற்கும் ஒன்றே. எனினும் அது தரும் துன்பம் வீட்டுக்கு வீடு வேறுபடும். புதிதாய் மணந்த இருவர் உள்ளது கொண்டு அக்காலத்தைக் கழித்துவிடலாம். கைக்குழந்தையுள்ள வீட்டிலோ பாலுக்கும் மருந்துக்கும் நாள்தோறும் பணம் வேண்டும். கணவன் தொழில் தேடிக் கிழக்குக் கரையிலுள்ள வாடிக்குச் செல்வானாயின், வீட்டுச் சுமை முழுவதும் மனைவியின் தோளிலே பொறுக்கும். பிள்ளைகள் பள்ளி செல்லும் பருவத்தில் நகை அடகுக்குச் செல்லும். மூத்த மகன் பதினைந்து வயதினனாயின், புத்தகத்தை வைத்துவிட்டு வள்ளத்தில் ஏறுவதா என்னும் வினா எழும். அன்றைய பசியை ஆற்றும் அம்முடிபு அவனுடைய நாற்பது ஆண்டு வாழ்வைக் கட்டிவிடுகின்றது. கண் மங்கி உடல் தளர்ந்த தந்தைக்கோ, கரையில் அமர்ந்து பிறர் வலையிழுப்பதைப் பார்த்திருத்தலே பெருந்துயராகும்.

மகிழ்ச்சிக்குரிய மாற்றமும் நெருக்கீடே என்பதை நாம் மறத்தலாகாது. தோமஸ் ஹோம்ஸ், றிச்சட் றாஹே என்னும் மருத்துவ ஆய்வாளர் இருவர் 1967ஆம் ஆண்டில் வகுத்த அளவுகோலிலே, வாழ்க்கைத் துணையின் மரணத்திற்கு 100 புள்ளிகள், திருமணத்திற்கு 50, ஓய்வு பெறுதலுக்கு 45, புதியவொருவர் குடும்பத்திற் சேர்தலுக்கு 39, மகனோ மகளோ வீடு நீங்குதலுக்கு 29. இவற்றுட் பல ஓராண்டிலே ஒருங்கு நேரின் உடல்நலமுங் குன்றக்கூடும் என்பது அவர்தம் கருத்து.

பருவத்தின் சுமையோடு ஊழின் சுமையும் சேர்தலுண்டு. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வட மாகாணத்தினின்றும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் ஏறத்தாழ 75,000 பேர். அவருட் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்திலே தஞ்சம் புகுந்தனர். இருபதாண்டுகளின் பின்னர் அவருள் 450 பேரை ஆராய்ந்து 2013ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, நூற்றுக்கு 18.8 பேரிடம் பொதுவான உளப்பிணிகளுள் ஏதேனுமொன்று காணப்பட்டதெனக் கூறுகின்றது. நூற்றுக்கு 14 பேரிடம் அஃது உடல் நோவாகவே வெளிப்பட்டது. உள்ளம் சொல்லாததை உடல் சொல்லிற்றுப் போலும்! வேலையற்றோர், துணையை இழந்தோர் அல்லது பிரிந்தோர், உணவுப் பற்றாக்குறையுடையோர் ஆகியோரிடையே உளப்பிணி மிகுந்திருந்தது. ஹில் கூறிய தாங்கும் வலிமை என்பது வெறும் மனவுறுதியன்று. தொழிலும் துணையும் உணவும் அதன்கண் அடங்கும் என்பது இதனாற் புலனாகும்.

வள்ளுவர் இடுக்கணழியாமைக்கெனத் தனியதிகாரம் வகுத்தார். ஒப்புரவறிதலுக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். முன்னையது துன்புறுவோன் கைக்கொள்ள வேண்டிய அறம். பின்னையது அவன் அயலார் ஆற்ற வேண்டிய அறம். துன்புறுவோனிடம் முன்னையதை மட்டும் உபதேசித்து, நாம் பின்னையதைக் கைவிடுதல் முறையன்று.

ஆதலின், ஒரு மாணவன் திடீரெனப் பாடத்திற் பின்தங்குவானாயின், அவன் வீடு எப்பருவத்தில் நிற்கின்றது என்பதை ஆசிரியர் முதற்கண் உசாவுவாராக. மாணவர் தம் இல்லத்து முதியோருடன் நாள்தோறும் சிறிது பொழுதேனும் உரையாடுவாராக. பழைய மாணவராகிய நாம், கடல் மூடிய மாதங்களிலே கல்வி இடையறவிருக்கும் பிள்ளையொருவனை இனங்கண்டு உதவுவோமாக. விழாக்கள் ஒருநாளில் முடியும். வள்ளத்தில் ஏறவிருந்த சிறுவன் வகுப்பறைக்கு மீள்வானாயின், அப்பயன் ஒரு தலைமுறைக்கு நிலைக்கும்.