முகாமுக்குள் வந்த எல்லை

அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். இடையில் கிடக்கும் மணல் திட்டுகளில் எதுவரை இந்தியா என்பது படகோட்டிகளுக்குத் தெரியும். 2022 இலங்கைப் பொருளாதார நெருக்கடியின்போது மன்னார்ப் பக்கமிருந்து கிளம்பிய குடும்பங்களை அந்தத் திட்டுகளில்தான் இறக்கிவிட்டுப் போனார்கள். மீட்கப்பட்டவர்கள் மண்டபம் அகதிகள் முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். கடலில் உள்ள எல்லையை ஒரே இரவில் கடந்துவிடலாம். முகாமுக்குள் இருக்கும் எல்லையையோ அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளாலும் கடக்க முடியவில்லை.

மண்டபம் முகாம் இலங்கை உள்நாட்டுப் போரின் அகதிகளுக்காக உருவானதல்ல. பிரிட்டிஷ் ஆட்சியில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்களைத் தடுத்து நிறுத்தி, காலராவும் பிளேக்கும் இல்லை என்று பார்த்த பிறகே கடல் கடக்க விடுவதற்காக, அன்றைய இலங்கை அரசே இந்திய மண்ணில் நடத்திய முகாம் அது. அப்படிப் போனவர்களின் வழித்தோன்றல்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக இலங்கையுடனான 1964 ஒப்பந்தம் சொன்னது. ஒப்பந்தம் முழுதாக நிறைவேறும் முன்பே போர் வந்து 1984-இல் கப்பலும் நின்றது. இன்று முகாம்களில் இருப்பவர்களில் கணிசமானோர் இந்த மலையக வம்சாவளியினர். கூலியாகப் போன பாட்டனையும் அகதியாகத் திரும்பிய பேரனையும் ஒரே முகாம் பதிவு செய்திருக்கிறது. எல்லைக்கோடு அரசுகளின் தேவைக்கேற்ப இடம் மாறும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

தமிழகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58 ஆயிரம் இலங்கைத் தமிழ் அகதிகள் வாழ்கிறார்கள். மாதாந்திரப் பணக்கொடை உண்டு. 2021-இல் முகாம்களுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாறியது; 7,469 புதிய வீடுகள் அறிவிக்கப்பட்டன. இவை நல்ல செயல்கள். ஆனால், வீடு கட்டித் தந்த மண்ணில் குடியுரிமை இல்லை. 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் முதல் விதி இன்னும் இறுகியது. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், நீதிமன்ற உத்தரவால் கடவுச்சீட்டு பெற்று 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். அகதிப் பெற்றோருக்கு அதே முகாமில் இரண்டாண்டு பிந்திப் பிறந்த குழந்தைக்கு அந்த வழி இல்லை. உரிய ஆவணமின்றி வந்தவர்கள் ‘சட்டவிரோதக் குடியேறி’ ஆகிவிடுவதால் விண்ணப்பிக்கும் கதவும் அடைபடுகிறது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இடம்பெறவில்லை.

இதன் விலையைக் கொடுப்பது இரண்டாம், மூன்றாம் தலைமுறை. கல்லூரிப் பட்டம் வாங்கியும் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாமல் பெயிண்ட் அடிக்கப் போகும் இளைஞர்கள் முகாம்தோறும் இருக்கிறார்கள். கடவுச்சீட்டு இல்லாதவருக்கு முறையான வெளிநாட்டுப் பயணம் கிடையாது. எஞ்சுவது கள்ளப் படகுதான். 2014-இல் புதுச்சேரியிலிருந்து கிளம்பிய 157 தமிழர்களை ஆஸ்திரேலியா நடுக்கடலில் மறித்து வாரக்கணக்கில் கப்பலில் அடைத்து வைத்தது. கள்ளப் பயணத்தை ஒழிக்கக் கரையோரக் காவலை மட்டும் கூட்டுபவர்கள், அந்தப் பயணத்துக்கான காரணம் முகாமிலேயே விளைவதைக் கவனிக்க வேண்டும்.

இவர்கள் தாயகம் திரும்பாவிட்டால் ஈழத்தில் தமிழர் எண்ணிக்கை சுருங்கும் என்பது ஒரு வாதம். திரும்ப விரும்புவோருக்கு வழி திறந்திருக்கட்டும். ஆனால், பார்த்தே அறியாத ஊருக்கு ஒருவர் ‘திரும்புவது’ எப்படி? ஒரு சமூகத்தின் எண்ணிக்கையைக் காக்கும் பொறுப்பை முகாமில் பிறந்த குழந்தையின் தலையில் ஏற்றுவது நியாயமல்ல. குடியுரிமை தந்தால் புதிதாகப் பலர் படகேறுவார்கள் என்ற அச்சத்துக்கும் விடை இருக்கிறது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, ஆவணமின்மைக்கான தண்டனையிலிருந்து ஒன்றிய அரசே 2025-இல் விலக்கு அளித்துவிட்டது. தண்டனை விலக்குக்குக் கெடு தேதி வகுக்க முடிந்தபோது குடியுரிமைக்கும் வகுக்க முடியும். தண்டனை இல்லை என்பது உரிமை ஆகிவிடாது.

பதிவேடுகளில் இவர்கள் ஒவ்வொருவரின் பெயரும் பிறந்த தேதியும் அரசிடம் இருக்கின்றன. முதலில் இங்கே பிறந்த பிள்ளைகளுக்கும், அடுத்து மலையக வம்சாவளியினருக்கும், பிறகு விரும்பும் மற்றவர்களுக்கும் குடியுரிமை தரும் திருத்தத்தை நாடாளுமன்றம் கொண்டுவர வேண்டும். தமிழகத்தின் எல்லாக் கட்சிகளும் அதை ஒரே குரலில் கேட்க வேண்டும்.