தும்பியைப் பிடிக்காதீங்க, படம் பிடிங்க!

நம்ம லயத்துப் பிள்ளைகளுக்குத் தும்பி என்றால் ஒரே விளையாட்டுத்தான். வாலில் நூல் கட்டிப் பறக்க விடுவதும், சின்னக் கல்லைத் தூக்க வைப்பதும் நாமும் செய்ததுதான். ஆனால் தும்பி செய்கிற வேலையைத் தெரிந்துகொண்டால், நூலை எடுக்க மனசு வராது.

தும்பியின் வாழ்க்கை தண்ணீரில்தான் தொடங்குகிறது. முட்டையிலிருந்து வரும் குடம்பிக்குச் சிறகு இல்லை. வகையைப் பொறுத்து சில வாரமோ, பல மாதமோ தண்ணீருக்குள்ளேயே வளரும். மடித்து வைத்திருக்கும் கீழுதட்டை நீட்டி நுளம்புக் குடம்பிகளைப் பிடித்துத் தின்னும். பிறகு புல்லிலோ கல்லிலோ ஏறி, தோலைப் பிளந்துகொண்டு தும்பியாக வெளியே வரும். ஓடைக்கரையில் காய்ந்த கூடு போல ஒட்டியிருப்பது அந்தத் தோல்தான். பறக்கும் தும்பியும் நுளம்பைத் தின்னும். அதற்காக டெங்கு வராது என்று இருந்துவிடக் கூடாது. தகரப்பேணி, டயரில் தேங்கிய தண்ணீரை நாம்தான் கொட்ட வேண்டும்.

இலங்கையில் 120க்கும் மேற்பட்ட தும்பி வகைகள் உண்டு. அவற்றில் ஏறக்குறைய பாதி உலகில் வேறெங்கும் இல்லை. நக்கிள்ஸ் மலையிலிருந்து நம்ம மாத்தளைப் பக்கம் இறங்கும் ஓடைகளில் பார்க்கலாம். கறுப்புச் சிறகில் செம்பு போல மின்னும் ஊசித்தும்பி நம் நாட்டுக்கே உரியது. சிறகை விரித்தால் பச்சையாகப் பளபளக்கும் இன்னொரு வகையும் உண்டு. உட்காரும்போது சிறகை விரித்து வைப்பது தும்பி. அநேகமாக மூடி வைப்பது ஊசித்தும்பி.

ஐப்பசி, கார்த்திகை மழையோடு கூட்டமாக வரும் மஞ்சள் தும்பியைப் பார்த்திருப்பீங்க. அவை இந்தியாவிலிருந்து மாலைதீவு வழியாகக் கடல் தாண்டி ஆபிரிக்கா வரை போகின்றன என்று ஆய்வாளர் சார்ள்ஸ் அன்டர்சன் 2009இல் எழுதினார்.

இப்போது பல வீடுகளில் கமரா உள்ள போன் இருக்கிறதே, படம் எடுப்பது கஷ்டமில்லை:

- காலை வெயில் ஏறும் முன் போங்க. குளிரில் தும்பி சட்டென்று பறக்காது.
- பறந்துவிட்டால் துரத்த வேணாம். பல வகைகள் அதே குச்சிக்கே திரும்பி வரும். அசையாமல் நில்லுங்க.
- உங்கள் நிழல் அதன்மேல் விழக் கூடாது. குனிந்து, மெதுவாகக் கிட்டப் போங்க.
- பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று எடுங்க. வகையைக் கண்டுபிடிக்க உதவும்.
- படத்தோடு திகதியும் இடமும் எழுதி வையுங்க.
- குளவிக்கூடு இருக்கிறதா என்று முதலில் பாருங்க. மலையில் மழை என்றால் ஆற்றில் இறங்கவே வேணாம். பிள்ளைகளைத் தனியே அனுப்பாதீங்க.

ஒரு வருஷம் இப்படிக் குறித்து வைத்தால் ஒரு விஷயம் விளங்கும். நிழலும் தெளிந்த தண்ணீரும் உள்ள ஓடையில் மட்டுமே வாழும் வகைகள் உண்டு. ஓரத்து மரத்தை வெட்டினாலோ, மருந்து டாங்கியை ஓடையில் கழுவினாலோ, குப்பையைக் கொட்டினாலோ அவைதான் முதலில் காணாமல் போகும். அதே தண்ணீர்தான் கீழே பீலிக்கு வருகிறது. சுது கங்கைக்கும் போகிறது. தும்பி இருக்கிறது என்பதற்காக அப்படியே குடிக்கவும் கூடாது. கொதிக்க வைத்தே குடியுங்க.

இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு ஓடைக்கரைக்குப் போய்ப் பாருங்க. நூல் வேணாம். போனும் ஒரு கொப்பியும் போதும்.