பால் கானில் படியும் வழுக்கல்

கல்முனை, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஊர்களில் கலியாணப் பந்தியிலும் நோன்பு காலத்திலும் எருமைத் தயிருக்குத் தனி மதிப்பு உண்டு. மாட்டுப் பட்டியிலிருந்து கடைக்கு வருமுன் பால் திரைந்துவிட்டால், ஒரு குடும்பத்தின் அன்றைய வருமானம் போய்விடும். நாம் வெயிலைக் குறை கூறுகிறோம். கானின் உட்புறத்தையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

அங்கே வழுவழுப்பு இருந்தால், அது பற்றீரியாக்கள் கட்டிய வீடு. அவை பரப்பில் ஒட்டி, தாமே சுரக்கும் பசையால் தம்மை மூடிக்கொள்கின்றன. இதனை உயிர்ப்படலம் என்பர். தனித்து மிதக்கும் பற்றீரியாவை விட, படலத்துள் இருப்பவை சில வேளைகளில் ஆயிரம் மடங்குவரை மருந்தைத் தாங்கும். புதிதாக ஊற்றும் பாலில் இவையே கலக்கின்றன.

இதற்கு மாற்றுத் தேடும் அறிஞர்கள், நுண்ணுயிர்களைக் கொல்லும் பெப்தைட்டுகளை ஆராய்கின்றனர். பெப்தைட்டு என்பது அமினோ அமிலங்களின் குறுஞ்சங்கிலி. இவற்றுள் பெயர் பெற்றது நைசின். பாலைப் புளிக்க வைக்கும் ஒருவகைப் பற்றீரியாவே இதனைச் சுரக்கிறது. 1928இல் அமெரிக்காவில் இதன் செயல் முதலில் கவனிக்கப்பட்டது. 34 அமினோ அமிலங்கள் கொண்ட இது, பற்றீரியாவின் மென்சவ்வில் துளையிட்டு அதனைக் கொல்லும். 1969இல் உலக சுகாதார தாபனமும் உணவு விவசாய தாபனமும் அமைத்த நிபுணர் குழு இதனை உணவுக்கு ஏற்றது என்றது. பாற்கட்டி முதலியவற்றில் இது சேர்க்கப்படுகிறது. உருக்குப் பரப்பில் பூசிப் படலத்தைத் தடுக்கும் முயற்சிகளும் ஆய்வுகூடங்களில் நடைபெறுகின்றன.

ஆயினும் தயிர்காரருக்கு ஓர் எச்சரிக்கை. நைசின் உறைமோரிலுள்ள நல்ல பற்றீரியாக்களையும் தாக்கும். பாலில் சேர்ந்தால் தயிர் சரியாக உறையாது. வேறு சில தீய பற்றீரியாக்களை இது தனித்து வெல்லவும் மாட்டாது.

ஆகவே நாம் இன்றே செய்யக்கூடியவை இவை:

பாலை ஊற்றியவுடன் கானைக் குளிர்ந்த நீரால் அலச வேண்டும். முதலிலேயே சுடுநீர் விட்டால் பாற்புரதம் ஒட்டிக்கொள்ளும்.

பின்னர் சவர்க்காரத் தூளும் நீண்ட பிடியுள்ள பிரஷும் கொண்டு மூலை, கழுத்து, மூடி எல்லாம் தேய்க்க வேண்டும். மணலால் தேய்ப்பது கீறல்களை உண்டாக்கும். படலம் அங்கேதான் ஒளியும்.

நன்கு அலசி, உலோகக் கானுக்குக் கொதிநீர் ஊற்றி, நிலத்தில் படாமல் கவிழ்த்து வெயிலில் உலர்த்த வேண்டும்.

கீறல் விழுந்த பிளாஸ்டிக் கானைப் பாலுக்குப் பயன்படுத்தாதிருப்பது நன்று. புதிய உலோகக் கான் வாங்கத் தனிக் குடும்பத்துக்கு இயலாதபோது, கூட்டுறவுச் சங்கமோ மாதர் சங்கமோ சிறுகடனாக உதவலாம். தமிழரும் முஸ்லிம்களும் ஒரே சந்தையில் வாங்கி விற்கும் இக்கரையில், ஒருவரின் கான் சுத்தமானால் மற்றவரின் தயிரும் தப்பும்.